கல்யாண வீடியோவுக்கு இரண்டு டிஸ்க்

5 மார்ச் 2006, ஞாயிறு

கிழக்குத் தெருவில் நிக்காஹ். காலை எட்டு மணிக்கே கேமராவோடு போய்விட்டேன். ஆண்கள் பக்கம் பெரம்பலூர் ஸ்டுடியோக்காரர்கள், பெண்கள் பக்கம் நான். மாடிக் கதவைச் சாத்திய பிறகுதான் எல்லோரும் முக்காட்டைத் தளர்த்திவிட்டு வாய்விட்டுச் சிரிக்கிறார்கள். எனக்கு அந்தச் சிரிப்புதான் வேண்டும். லப்பைக்குடிகாட்டில் பெண்கள் பக்கத்தைப் படம் எடுக்கவும், வீட்டிலேயே உட்கார்ந்து வெட்டி ஒட்டி டிவிடி போடவும் ஒரு பெண் இருக்கிறாள் என்பதால்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். இது நாற்பத்தோராவது கல்யாணம்.

புது டேப் வாங்கப் பெரம்பலூர் போக நேரமில்லை. போன வாரம் எடுத்ததெல்லாம் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டதால் அந்த டேப்புகளிலேயே இன்று எடுத்துவிட்டேன்.

பிரியாணி அருமை. கால்தான் வலிக்கிறது.

9 மார்ச், வியாழன்

கம்ப்யூட்டரில் டிக் டிக்கென்று ஒரு சத்தம். ஃபேனில் தூசி அடைத்திருக்கும்.

11 மார்ச், சனி

தூசி இல்லை.

ஹார்டு டிஸ்க் போய்விட்டது. காலையில் சுவிட்சைப் போட்டால் டிக், டிக், டிக் — அப்புறம் கறுப்புத் திரை. நாலு தரம் போட்டுப் பார்த்துவிட்டேன்.

பாத்திமா பீவி மாமி மகளின் மருதாணி விசேஷம் முழுக்க அதில்தான் இருந்தது. அந்த டேப்புகளின் மேல்தான் ஞாயிற்றுக்கிழமை கிழக்குத் தெருக் கல்யாணத்தை எடுத்தேன். அப்ப வேற எங்கயும் இல்ல. ஒரு எடத்துலயும் இல்ல. என்ன புத்தி எனக்கு? நாலு டேப்பு வாங்க பஸ் ஏற சோம்பப்பட்டுக்கிட்டு —

கிழக்குத் தெருப் படமாவது டேப்பில் இருக்கிறது. அல்ஹம்துலில்லாஹ். ஆனால் மாமி முகத்தில் எப்படி விழிப்பேன்?

12 மார்ச், ஞாயிறு

பெரம்பலூரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் செல்லதுரை வந்து பார்த்தார். என் மெஷினைப் பூட்டிக் கொடுத்தவர் அவர்தான். டிஸ்க்கைக் காதருகே வைத்துக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"நம்ம பக்கத்துல இதுக்கு வழியில்லக்கா. மெட்ராஸ்ல ஒரு எடம் இருக்கு. தொறந்து உள்ள இருக்கறத எடுத்துக் குடுத்துருவாங்க."

"எடுக்கறப்ப படத்த பாப்பாங்களா?"

"பாக்காம எப்புடிக்கா? சரியா வந்துருக்கான்னு ஓட்டிப் பாக்கத்தானே செய்வாங்க."

டிஸ்க்கை ஒரு துண்டில் சுற்றி வைத்துக்கொண்டேன்.

13 மார்ச், திங்கள்

போனேன். சொல்லிவிட்டேன்.

பாத்திமா பீவி மாமி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கையை நிறுத்தவில்லை. மெட்ராஸ் கடையைப் பற்றிச் சொன்னதும்தான் நிமிர்ந்து பார்த்தார்.

"அதுல எம்மவ தலைய விரிச்சுப் போட்டுக்கிட்டு ஒக்காந்துருக்கா. எந் தங்கச்சி ஆடுறா. அத கொண்டு போயி ஊரு பேரு தெரியாத ஆம்பளைங்க கையில குடுக்கவா? போனது போகட்டும் ஃபஹ்மிதா. அந்த சனியன எங் கண்ணு முன்னாடி ஒடச்சுப் போடு."

கொல்லையில் வைத்து உடைத்தோம். மாமி சுத்தியல் கொண்டுவந்தார். மூடியை நெம்பியதும் உள்ளே வட்டத் தட்டு பளபளவென்று இருந்தது, முகம் பார்க்கலாம் போல. அதன் மேல் ஆணியால் கோடு கோடாகக் கீறினேன். கல்யாணப் பெண் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. "பரவால்ல லாத்தா, கல்யாணத்தன்னிக்கி ஸ்டுடியோக்காரங்க எடுத்தது இருக்குல்ல" என்றாள். அவள் திட்டியிருந்தால் தேவலை.

கிளம்பும்போது மாமி சொன்னது: "எங்க அடுத்த மவ கல்யாணத்துக்கும் நீதான் வரணும். ஆனா அதுக்குள்ள எதாச்சும் ஏற்பாடு பண்ணி வையி. ஒண்ணு செத்தா எல்லாம் செத்துச்சுங்கற மாரி வெச்சுக்காத."

17 மார்ச், வெள்ளி

வெள்ளிக்கிழமை என்பதால் சார்ஜாவிலிருந்து என் வீட்டுக்காரர் போன். கம்ப்யூட்டர் கடையில் சர்வீஸ் வேலை பார்க்கிற மனிதர். நான் அழுததை முழுதாகக் கேட்பதற்குள் வழி சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

"மூணு டிஸ்க்கு போட்டுருவோம். ரெய்டு ஃபைவ்னு பேரு. மூணுல எது ஒண்ணு போனாலும் மத்த ரெண்டும் சேந்து போனத திருப்பிக் குடுத்துரும். எடமும் ரெண்டு டிஸ்க்கு அளவுக்கு நிக்கும். ஜூலையில லீவுல வர்றப்ப எல்லாத்தையும் கொண்டாரேன். நீ கவலப்படாத."

மூன்றில் ஒன்று போனால் இரண்டு எப்படி அதைத் திருப்பித் தரும்? கேட்டேன். "அது அப்படித்தான்" என்றார்.

2 ஏப்ரல், ஞாயிறு

பெரம்பலூர். டேப் பத்து வாங்கினேன். செல்லதுரை வேறு ஒரு யோசனை சொல்கிறார்: இரண்டு டிஸ்க்கைச் சேர்த்துப் பாதிப் படத்தை இதிலும் பாதியை அதிலும் எழுதச் செய்தால் எடிட்டிங் பறக்குமாம்.

"ரெண்டுல ஒண்ணு போனா?"

"ரெண்டும் போச்சுக்கா. ஆனா ஸ்பீடு இருக்கு பாருங்க..."

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். படங்களை வைக்க மட்டும் தனியாக ஒரு பெட்டி வேண்டும் என்றேன். ஆபீஸ் ஒன்றில் கழித்துப் போட்ட மெஷின் கிடந்தது, துடைத்துக் கொடுத்திருக்கிறார்.

16 ஏப்ரல், ஞாயிறு

அரியலூர் போய் ஜெயசித்ராவைப் பார்த்தேன். பெரம்பலூரில் எடிட்டிங் படித்தபோது பக்கத்து சீட்டில் உட்கார்ந்தவள். இப்போது ஒரு பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் டீச்சர். வீடு கீழப்பழுவூர். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து ஓட்டலில் உட்கார்ந்தோம். சிமெண்ட் லாரி போகும்போதெல்லாம் டம்ளரைக் கையால் மூடிக்கொண்டு பேசினாள்.

பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினாள். "இந்த டிஸ்க்குல ஏழு. இதுல அஞ்சு. மூணாவதுல ரெண்டையும் கூட்டிப் பன்னண்டு. இப்ப அஞ்சு போயிடுச்சுன்னு வை. பன்னண்டுல ஏழு போனா?"

"அஞ்சு."

"அவ்வளவுதான் உங்க வூட்டுக்காரர் சொல்ற ரெய்டு ஃபைவ்."

இவ்வளவு எளிதா! ஒரு மாதமாக மண்டையைக் குடைந்தது ஒரு கழித்தல் கணக்கு. எனக்கு ஒரே சந்தோஷம். ஆனால் அவள் விடவில்லை.

"கணக்கு நல்ல கணக்குதான். ஆனா அந்தக் கணக்க போடுற கார்டு போயிட்டா? அதே மாதிரி கார்டு நம்ம ஊர்ல எங்க தேடுவ? ரெண்டு டிஸ்க்கு போதும். ரெண்டுலயும் ஒரே படத்த அப்படியே எழுதச் சொல்லு. மிர்ரர்னு பேரு. ஒண்ண கழட்டித் தனியா மாட்டினாலும் படம் முழுசா இருக்கும். கார்டே வேணாம், பொட்டியில லினக்ஸ் சாஃப்ட்வேர் போட்டா அதுவே பாத்துக்கும்."

"எடம் பாதியாயிடுமே?"

"ஆமா, ஆயிடும். அப்புறம் இன்னொண்ணு. ரெண்டும் ஒரே பொட்டிக்குள்ளதான் இருக்கப் போவுது. இடி விழுந்தா? நீயே தப்பா எதையாச்சும் அழிச்சுட்டா? ரெண்டுலயும் அழிஞ்சுரும். மூணாவதா ஒண்ணு வேற வூட்டுல இருக்கணும்."

வேறு வீட்டிலா? எங்கள் தெருப் பெண்களின் படம் வேறு வீட்டிலா? பஸ்ஸில் வரும் வழியெல்லாம் இதுதான்.

21 ஏப்ரல், வெள்ளி

போனில் அவரிடம் மிர்ரர் என்றேன். "யாரு சொன்னா?" என்றார். கார்டு வாங்கியாகிவிட்டதாம்.

14 மே, ஞாயிறு

ஒரே வாரத்தில் மூன்று கல்யாணம். டேப்பை அழிப்பதில்லை. பீரோவில் என் சேலைகளுக்கு இடமில்லை.

8 ஜூலை, சனி

வந்துவிட்டார். இளைத்திருக்கிறார். திருச்சி ஏர்போர்ட்டிலிருந்து வீடு வரும்வரை பிள்ளைகள் இரண்டும் அவர் மேல் சாய்ந்தே வந்தன. பெட்டியைத் திறந்ததும் சாக்லேட், சோப்பு, தைலம், எனக்கு ஒரு அபாயா — அதற்குள் சுற்றி மூன்று டிஸ்க்கும் அந்தக் கார்டும்.

12 ஜூலை, புதன்

இன்று சண்டை. பெரியது இல்லை, ஆனால் சண்டைதான்.

"பதினெட்டு வருசமா நான் பாக்குற வேல இது. உனக்கு அந்த டீச்சர் சொன்னதுதான் வேதமா?" என்றார்.

"அவ சொன்னான்னு இல்லங்க. நீங்க ஆகஸ்டுல பிளேன் ஏறிருவீங்க. அதுக்கப்புறம் கெட்டுப் போச்சுன்னா இங்க யாரு இருக்கா? நான்தான இருக்கேன். எனக்குப் புரியற மாரி இருக்கணும்ல?"

"போட்டுக் காட்டுறேன். பாத்துட்டு சொல்லு" என்றார். சரி என்றேன். அதுவும் நியாயம்தான்.

15 ஜூலை, சனி

கார்டும் மூன்று டிஸ்க்கும் பூட்டி, சின்னவளின் பிறந்தநாள் படத்தை அதில் ஏற்றினார். ஊரார் படம் எதையும் வைக்க நான் விடவில்லை.

"இப்ப ஒண்ண கழட்டுங்க பாப்போம்."

கழற்றினார். படம் ஓடியது. சின்னவள் கேக் வெட்டினாள். கல்யாண மாப்பிள்ளை மாதிரி என்னைப் பார்த்துச் சிரித்தார். உண்மையிலேயே அழகான வேலை அது, மனம் விட்டுச் சொன்னேன்.

கழற்றியதை மறுபடி மாட்டினார். விட்டுப்போனதைக் கணக்குப் போட்டு நிரப்ப ஐந்து மணி நேரம் ஆகும் என்றது. இரண்டாவது மணியில் கரண்ட் போனது. யுபிஎஸ் பத்து நிமிஷம் கத்திவிட்டு அடங்கிவிட்டது.

கரண்ட் வந்த பிறகு அந்தக் கார்டு மூன்று டிஸ்க்கையுமே தெரியாது என்கிறது.

18 ஜூலை, செவ்வாய்

மூன்று நாளாக அதோடு மல்லுக்கட்டுகிறார். சார்ஜா கடைக்குப் போன் பண்ணிக் கேட்டார். டீயை மட்டும் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

அந்தி மஃரிப் தொழுதுவிட்டு வந்து அவரே சொன்னார். "அங்க கரண்டே போவாது. இந்த ஊரு கரண்ட மறந்துட்டேன். உன் இஷ்டப்படியே போடு."

"உங்களுக்கு வருத்தமா?"

"கார்டு வாங்கினதுக்கு வருத்தம். நீ கழட்டச் சொன்னதுக்கு இல்ல. கல்யாணப் படத்த ஏத்திட்டு நான் பிளேன் ஏறிப் போயிருந்தா?" என்றார். பிறகு, "நல்லா கேக்குற புள்ள நீ" என்றார். கல்யாணமாகிப் பதினைந்து வருஷத்தில் இப்படி ஒரு பாராட்டு கேட்டதில்லை. எழுதி வைத்துக்கொள்கிறேன்.

23 ஜூலை, ஞாயிறு

ஜெயசித்ரா வந்தாள். நாங்கள் மாடியில் பெட்டியைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தோம். அவர் கீழேயே இருந்துகொண்டு டீ போட்டு அனுப்பினார், பிறகு பரோட்டா வாங்கி அனுப்பினார், பிறகு மறுபடி டீ. டம்ளருக்கு அடியில் ஒரு துண்டுச் சீட்டு: "டிஸ்க் இரண்டுக்கும் நடுவில் காற்றுப் போக இடம் விடவும்." ஜெயசித்ரா படித்துவிட்டு, "இது நல்ல யோசனை, எனக்குத் தோணல" என்று சத்தமாகச் சொன்னாள். கீழே அவர் இருமினார்.

சாயங்காலத்துக்குள் இரண்டு டிஸ்க்கும் ஒன்றாகிவிட்டன. பார்ப்பதற்கு ஒரே டிஸ்க். எழுதினால் இரண்டிலும் எழுதுகிறது. முதலில் சின்னவளின் பிறந்தநாளையே ஏற்றினேன்.

30 ஜூலை, ஞாயிறு

சோதனை. பெட்டியை நிறுத்தி, ஒரு டிஸ்க்கைக் கழற்றித் துணியில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு அவரும் நானும் கீழப்பழுவூர் போனோம். ஜெயசித்ரா வீட்டு மெஷினில் அதை மாட்டி ஒரு லினக்ஸ் சிடியைப் போட்டாள். சின்னவள் கேக் வெட்டினாள்.

"சரி, நான் தோத்தேன்" என்றார் அவர். ஜெயசித்ராவின் அம்மா புஷ்பவல்லி, யார் என்ன பந்தயம் கட்டினார்கள் என்று தெரியாமலே எல்லோருக்கும் கேசரி கொடுத்தார்.

13 ஆகஸ்ட், ஞாயிறு

மூன்றாவது டிஸ்க் விஷயம். சொல்லாமல் செய்யக் கூடாது என்று பாத்திமா பீவி மாமியிடமே போய்க் கேட்டேன். ஒரு நகல் வெளி வீட்டில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒரு இடி போதும் என்றேன்.

"யாரு வூட்டுல?"

"எங்க நாத்தனா மர்ஜியா வூட்டு பீரோவுல. சாவி எங்கிட்ட. வாரம் ஒருக்கா எடுத்துட்டு வந்து எழுதிட்டுத் திருப்பி வெச்சுருவேன். அவங்க வூட்டுல கம்ப்யூட்டரே கெடையாது மாமி."

மாமி யோசித்தார். "கேட்டுட்டு செய்யிற பாரு, அது போதும். இனிமே கல்யாணம் பேச வர்றவங்ககிட்டயும் மொதல்லயே சொல்லிரு" என்றார்.

20 ஆகஸ்ட், ஞாயிறு

அவர் போய்விட்டார். வீடு சத்தமில்லாமல் இருக்கிறது.

30 செப்டம்பர், சனி

நோன்பு மாதம், கல்யாணம் இல்லை. பழைய டேப்புகளையும் டிவிடிகளையும் ஒவ்வொன்றாகப் பெட்டியில் ஏற்றுகிறேன். எல்லாவற்றுக்கும் இடம் போதாது. வெட்டி ஒதுக்கிய காட்சிகளை விட்டுவிட்டு முடித்த படத்தை மட்டும் வைக்கிறேன். அவர் சொன்ன இரண்டு டிஸ்க் அளவு இடம் இருந்தால் நன்றாகத்தான் இருந்திருக்கும். இதை அவரிடம் சொல்லப் போவதில்லை.

26 நவம்பர், ஞாயிறு

ஜெயசித்ரா சொன்னது நடந்தே விட்டது. தெற்குத் தெருக் கல்யாணத்தின் குப்பையை அழிக்கிறேன் என்று கல்யாணத்தையே அழித்துவிட்டேன். இரண்டு டிஸ்க்கும் மறுபேச்சில்லாமல் அழித்துவிட்டன. யா அல்லாஹ், அந்த ஒரு நிமிஷம்!

முக்காட்டைப் போட்டுக்கொண்டு மர்ஜியா வீட்டுக்கு ஓடினேன். "என்ன மச்சி, தீ புடிச்சிருச்சா?" என்றாள். வியாழக்கிழமை எழுதிய நகல் இருந்தது. இரண்டு நாள் எடிட்டிங் மட்டும் போச்சு. உட்கார்ந்து அவள் கொடுத்த தண்ணீரைக் குடித்தேன். இரண்டாவது டம்ளர் குடிக்கும்போது சிரிப்பு வந்துவிட்டது.

18 பிப்ரவரி 2007, ஞாயிறு

ஒரு பெண் வந்தாள். பெயர் இங்கே வேண்டாம். இரண்டு வருஷத்துக்கு முன் அவள் கல்யாணத்தை நான்தான் எடுத்தேன். இப்போது பிரிந்தாகிவிட்டது.

"உங்ககிட்ட இருக்கறத அழிச்சுருங்க லாத்தா. எல்லா எடத்துலேந்தும்."

போகாமல் காப்பாற்றுவதற்காக ஒரு வருஷம் அலைந்திருக்கிறேன். எடுத்து வீசச் சொல்லி ஒருத்தி வருவாள் என்று நினைத்ததே இல்லை. அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பெட்டியில் அழித்தேன். மர்ஜியா வீட்டுக்கு இருவரும் நடந்து போய் மூன்றாவது டிஸ்க்கை எடுத்துவந்து அதிலும் அழித்தேன். டேப்பை அவள் கையிலேயே கொடுத்துவிட்டேன். அழிப்பதற்கு முன் தன் உம்மா சிரிக்கிற இடத்தை மட்டும் ஒரு தரம் பார்த்தாள். அதை வேண்டுமானால் தனியாக வெட்டித் தரட்டுமா என்றேன். வேண்டாம் என்றாள். வாசல் வரை போனவள் திரும்பி வந்து, "அத மட்டும் குடுங்க" என்றாள். டேப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பதினோரு வினாடி.

6 மே, ஞாயிறு

இந்த வருஷம் இதுவரை பத்தொன்பது கல்யாணம். வி.களத்தூரிலிருந்தும் கூப்பிடுகிறார்கள். "படம் வெளியில போவாதாம், தொலையவும் தொலையாதாம்" என்று எங்களைப் பற்றி யாரோ சொன்னார்களாம். எங்களை என்றால் யார்? நான், ஜெயசித்ரா, மர்ஜியாவின் பீரோ.

23 நவம்பர், வெள்ளி

ஜெயசித்ரா காலையிலேயே போன். அரியலூர் மறுபடி தனி மாவட்டமாகிவிட்டதில் அவளுக்குத் தலைகால் புரியவில்லை. "இனிமே நீ வேற மாவட்டம், நான் வேற மாவட்டம்டி" என்கிறாள்.

பத்தரை மணிக்குப் பெட்டியைப் பார்த்தால் ஒரு டிஸ்க் வேலை செய்யவில்லை என்று வந்திருந்தது. நிறுத்தி, செத்ததைக் கழற்றி, இதற்கென்றே வாங்கி அலமாரியில் வைத்திருந்த புதியதை மாட்டினேன். ஜும்ஆ தொழுகை முடிந்து ஆண்கள் திரும்பும் நேரத்துக்குப் பாதி ஏறியிருந்தது. பிற்பகல் அஸர் தொழுகைக்குள் முடிந்தது. அதற்குள் நாளைய மணப்பெண் வீட்டிலிருந்து இரண்டு தரம் போன்: சேலை என்ன நிறத்தில் இருந்தால் படத்தில் எடுப்பாக இருக்கும் என்று. கிளிப்பச்சை என்றேன். செத்த டிஸ்க்கைக் கொல்லையில் வைத்து உடைத்தேன்.

சாயங்காலம் அவர் போன். முக்கால் மணி நேரம் பேசினோம். பெரியவனின் மார்க், சின்னவளின் பல், நாளைக் கல்யாணம், கிளிப்பச்சை. வைத்துவிட்டுச் சோறு வடிக்கும்போதுதான் ஞாபகம் வந்தது, டிஸ்க் செத்ததை அவரிடம் சொல்லவே இல்லை.